தரைக்கு அடியில்

பழைய வண்டியில் எங்கள் இருவருக்கும் நடுவே
எஞ்சின் உட்கார்ந்திருந்தது.
இரும்புப் பெட்டி, அதன்மேல் ராணுவக் கம்பளி,
கம்பளிக்கு மேலே இறைச்சிப் பொட்டலம்.
விடியலில் வைத்தால்
கோட்டிங்கன் தாண்டும்போது கை சுடும்.
அந்தப் பக்கம் ஹென்னிங், இந்தப் பக்கம் நான்.
எட்டு வருடம்.
சால்ஸ்கிட்டரில் தகட்டுச் சுருள் ஏற்றி
வூர்ட்ஸ்பர்க்கில் இறக்கி
திரும்புகையில் செங்கலோ, பீப்பாயோ, வெறும் காற்றோ.

அவன் பேசுவான். வாய் அசையும்.
நான் உம் கொட்டுவேன்.
என் உம் எனக்கே கேட்காது,
அதனால் தலையையும் ஆட்டி வைப்பேன்.
மேடு வந்தால் பேச்சு கூடும்,
இரண்டாம் கியரில் எஞ்சின் நெஞ்சு வெடிக்கக் கத்தும்போது.
இறக்கத்தில் வாயை மூடிக்கொள்வான்.
ஏதோ ஒரு சொல் அடிக்கடி வரும்,
உதடு இரண்டு முறை ஒட்டிப் பிரியும்.
பாம்பெர்க் என்ற ஊராக இருக்கலாம்.
ஒரு பெண்ணாக இருக்கலாம்.
நாயின் பெயர் என்று நான் நினைத்துக்கொண்டேன்,
அதுதான் வசதியாக இருந்தது.

ஐம்பத்தாறு அக்டோபரில் முதலாளி
புது ப்யூஸிங் வாங்கினார். மூக்கில் சிங்கம்.
மூடியைத் திறந்து பார்க்கப் போனேன்.
மூடியே இல்லை.
"எஞ்சினை எங்கே வைத்தீர்கள்?" என்றதற்கு
விற்க வந்த பையன் என்னைக் குனியச் சொன்னான்.
இரண்டு அச்சுக்கும் நடுவில், சட்டத்துக்குக் கீழே,
ஆறு சிலிண்டரும் ஒருக்களித்துப் படுத்திருந்தன,
இரவு ஷிப்ட் முடிந்தவன்
சட்டையைக் கழற்றாமல் தூங்குகிற மாதிரி.

கேபினில் தரை சமம். நடுவில் ஒன்றுமில்லை.
ஒரு ஆள் உட்காரலாம் அங்கே.
நாங்கள் பிளாஸ்க்கை வைத்தோம், அது உருண்டது.
கால் விறைத்தது. இறைச்சி சில்லிட்டது.
பிறகு ஒவ்வொன்றாய்க் காதுக்கு வந்தது:
வைப்பர் ரப்பரின் முனகல்,
ஹென்னிங்கின் மூக்குக்குள் ஒரு விசில்,
ரொட்டியின் ஓரத்தை என் பல் உடைப்பது.
எங்கோ பின்னால், பக்கத்து வீட்டுச் சண்டை போல,
எஞ்சின்.

மூன்று வாரம் அவன் வாய் திறக்கவில்லை.
நான் ஒருநாள், பனி பெய்கிறது, என்றேன்.
கண்ணாடி முழுக்கப் பனி.
ஆமாம் என்றான்.

டிசம்பர். வெறும் வண்டியாய்த் திரும்புகிறோம்.
ரோன் மேட்டில் டீசல் குழாய் உறைந்து நின்றது.
சாக்கை விரித்து அடியில் நுழைந்தேன்.
மல்லாந்து படுத்தால்
மூக்குக்கும் எஞ்சினுக்கும் ஒரு சாண்.
புருவத்தில் ஒரு சொட்டு எண்ணெய்.
டார்ச் பிடித்தபடி பக்கத்தில் ஹென்னிங்கின் பூட்ஸ்,
முழங்கால் வரைதான் மனிதன்.
முழங்காலிடம் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

"எட்டு வருடமாய் நீ சொன்னதில்
ஒரு சொல்கூட எனக்குக் கேட்டதில்லை.
சும்மா தலையாட்டினேன்."

பூட்ஸ் அசையவில்லை.
டார்ச் வெளிச்சம் மட்டும் குழாயை விட்டு நகர்ந்து
பனியில் போய் நின்றது.

"தெரியும், எவால்ட்.
அதனால்தான் சொன்னேன்."

இருந்த காப்பி முழுவதையும் குழாயில் ஊற்றினோம்.
நாலாவது தடவை பிடித்தது.
ஸ்டியரிங்குக்கு நான் வந்தேன்.
முட்டி வரை ஈரம், குடிக்க ஒன்றுமில்லை.

ஃபுல்டாவின் விளக்குகள் கீழே தெரிந்தபோது
அந்தக் குளிரில்
அவன் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினான்.
காற்று ஓவென்று உள்ளே புகுந்தது.
போதாது போலிருந்தது.
என் பக்கத்துக் கண்ணாடியையும் இறக்கினேன்.

ஓரக்கண்ணில் பார்த்தேன்:
உதடு இரண்டு முறை ஒட்டிப் பிரிந்தது.
சாலையைப் பார்த்துத்
தலையாட்டினேன்.